கையக்காவின் குரலில் ஒரு கதைசொல்லி

அவரை எல்லோரும் கையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பார்வை இல்லாதவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கும் கை. மற்ற நாட்களில் ஜெராக்ஸ் கடையில் வேலை. எனக்கு ஆரம்பத்தில் அவரைப் பிடிக்காது. நான் கணக்கு வாத்தியார்; தேர்வறைக்குக் கண்காணிப்பாளராகப் போனால் எல்லோரையும் சந்தேகப்படுகிறவன். எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் விடையில் தன் சரக்கையும் சேர்த்துவிடுவார் என்பது என் கணக்கு. கையக்கா சேர்த்ததே இல்லை. சொல்லப்படுவது தப்பு என்று தெரிந்தாலும் முகம் மாறாமல் அப்படியே எழுதுவார். பதினோரு வருடம் இப்படியே போயிற்று. நானும் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

அன்றைக்குத் தேர்வுக்கு வந்த பார்வையில்லாதவர் ஓர் ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர். முப்பத்தொன்பது வயதுப் பெண். மொழி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு. இரண்டு முறை கோட்டை விட்டாகிவிட்டது. அடுத்த முறை வயது வரம்பு தாண்டிவிடும். உள்ளே வரும்போதே உதடு காய்ந்திருந்தது.

கதை இலக்கியத் தாள். கதைப்பின்னல் என்றால் என்ன, உச்சகட்டம் எது, நோக்குநிலை எத்தனை வகை என்று முதல் பகுதி. ஒரு கதையைப் படித்தோமா, போனோமா என்றில்லாமல் இத்தனை பெயர் எதற்கு என்று நினைக்கிறவன் நான். ஆபரேட்டர் மளமளவென்று சொன்னார், கையக்கா எழுதினார். நடுவில் இரண்டு கேள்விகள் காலை வாரிவிட்டன. கடைசிக் கேள்விக்குப் பதினைந்து மதிப்பெண். ஒரு கதைப்பகுதி, கீழே, ‘இந்தக் கதைசொல்லி நம்பத்தக்கவரா? காரணம் காட்டுக.’

“இதுவும் போச்சுன்னா நான் அவ்வளவுதான்” என்றார் ஆபரேட்டர்.

கையக்கா படித்தார். கதையில் ஒருவன் சொல்கிறான்: ‘தம்பியை நான் துரத்தவில்லை. பூட்டை மட்டும்தான் மாற்றினேன். பழையது துருப்பிடித்துவிட்டது. அவன் பெட்டியைக்கூடப் பத்திரமாக வாசலில்தான் வைத்தேன். அன்றைக்கு மழை பெய்தது என் தப்பா?’ கடைசி வரியில் கையக்காவுக்குக் குரல் கம்மியது. எனக்கே அந்த அண்ணன்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“பாவம், நல்ல மனுஷன்தான். நம்பலாம்” என்று ஆபரேட்டர் சொல்லத் தொடங்கினார். அரைப் பக்கம் ஆகியிருக்கும், கையக்காவின் பேனா நின்றது. நான் ஒருநாளும் பார்த்திராத காட்சி.

“சார், ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?”

வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினேன். இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது.

“நான் தப்பா படிச்சிட்டேன் சார்.”

“வார்த்தை எதையாவது விட்டுட்டீங்களா?”

“வார்த்தையெல்லாம் சரிதான். குரல்தான் தப்பு. அவன் பொய் சொல்றான் சார். துருப்பிடிச்சதுக்குப் பூட்டு மாத்தினவன் தம்பிக்கு ஒரு சாவி குடுத்திருக்கணும்ல? நான் அவன் பக்கம் சாஞ்சு படிச்சிட்டேன். அந்தப் பொண்ணு அதைக் கேட்டுட்டுத்தான் சொல்றாங்க.”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எழுதுகிறவர் விடையைப் பற்றி வாயைத் திறந்தாலே அவரை மாற்ற வேண்டும். மாற்ற ஆள் இல்லை. தேர்வை நிறுத்தினால் ஆபரேட்டரின் கதி அதோடு முடிந்தது. இவரையே மறுபடி படிக்கச் சொன்னால் இந்த முறை எதிர்ப்பக்கம் சாய்வார்.

“பேசாம இருந்திருக்கலாமே நீங்க! இப்போ நான் ரிப்போர்ட் எழுதணும். உங்களை லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க.”

“எழுதுங்க சார். மொதல்ல அவங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். வாசிப்பில் குறை இருந்தால் கண்காணிப்பாளர் ஒருமுறை படித்துக் காட்டலாம் என்று ஒரு வரி அகப்பட்டது. என் குரலைப் பற்றி என் மனைவியைக் கேட்க வேண்டும். நான் பேப்பர் படித்தால் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஏற்றம், இறக்கம் எதுவும் கிடையாது. அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

“பகுதியை நான் ஒரு தடவை படிக்கிறேன். கவனமா கேளுங்க” என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டுப் படித்தேன்.

முடித்ததும் அவர் வரிகளை வாய்க்குள்ளேயே திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று. கையக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி, சாவி என்று கத்திவிடலாம் போல எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. இத்தனை வருடம் அடுத்தவரைச் சந்தேகப்பட்டவன், அன்று என் வாயை நானே காவல் காத்தேன்.

“சார், தம்பிக்குப் புதுச் சாவி குடுத்ததா எங்கயாவது வருதா?”

“நான் படிச்சது அவ்வளவுதான்.”

“அக்கா, முன்னாடி எழுதினதை அடிச்சிடுங்க. சீக்கிரம்.”

கடைசி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் தேவைக்கு மேல் நான்கு மதிப்பெண் வாங்கித் தேறினார். நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். கையக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதில் பாதி என்மேலேதான். ஆனால் இதெல்லாம் பிறகு.

அன்று தேர்வு முடிந்ததும் ஆபரேட்டரின் முழங்கையைப் பிடித்துக் கையக்கா படி இறங்கினார். நான் விடைத்தாள் உறையோடு பின்னால் வந்தேன்.

“அக்கா, மொதல்ல படிச்சப்போ உங்களுக்குத் தொண்டை அடைச்சுது. நாள் பூரா குரலைக் கேக்கறதுதான் என் பொழப்பு. யாரை நினைச்சீங்க?”

கையக்கா அடுத்த படியில் நின்றார். “என் தம்பியை. நானும் பூட்டை மாத்தினவதான்.”

“எத்தனை வருஷமாச்சு?”

“ஏழு.”

“நம்பர் இருக்கா?”

கையக்கா எந்தக் காகிதத்தையும் தேடவில்லை. பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொன்னார். ஆபரேட்டர் அங்கேயே நின்று, தன் போனில் அழுத்தி, “ரிங் போகுது” என்று அவர் கையில் வைத்தார்.

“யாரு?” என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது.

“அக்காடா” என்றார் கையக்கா. “தப்பு என்மேலதான்டா.”