பாக்கியநாதனின் பச்சை விளக்கு

பாக்கியநாதன் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மின்வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு பழைய வீட்டுக் கணினிகளைத் திருத்தினார். கொழும்பில் அவற்றைச் சேகரிக்கும் ஜமால்தீன் பஸ்ஸில் போட்டு அனுப்புவார்.

அவர் குடியிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே, மண்மேட்டில் போன வருட மழைக்கு வெடிப்பு விழுந்தது. பாக்கியநாதன் அதன் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டி, அங்கிருந்து இரட்டை வயர் இழுத்து, தன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் பச்சை விளக்கு மாட்டினார். வெடிப்பு விரிந்தால் கம்பி அறும், விளக்கு அணையும். மழை வந்தால் லயமே அதைப் பார்க்கும். கடைசி வீட்டில் தனியாக இருந்த, காது கேளாத மூக்கையாவும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

ஐப்பசி மழை விடவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லாததால் எல்லோரும் வீட்டில். பாக்கியநாதனின் மேசையில் ஒரு கணினியும் அதன் டிஸ்க் டிரைவும். கணினி கூப்பிட்டால் டிரைவ் ஒரு வயரின் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும். "இருக்கிறேன்" என்பதற்கு அதுதான் அடையாளம். கேட்கத் தயாரானதும் விட்டுவிடும். இந்த டிரைவ் விடவேயில்லை. கணினி காத்துக்கொண்டே இருந்தது.

"உள்ள ஆளே இல்ல சூச. செத்துப்போன சிப்பு ஒண்ணு வயரப் புடிச்சிக்கிட்டிருக்கு. இந்தக் கம்ப்யூட்டரு ஆள் இருக்குன்னு நம்புது."

"நான் கூப்புட்டா நீங்க 'ம்'முன்னுட்டு அப்பிடியே உக்காந்திருப்பீங்களே, அது மாதிரியா?" என்றாள் மனைவி சூசையம்மா.

அவர் சிரிக்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்தார். மழையில் இறங்கினார்.

"எங்கண்ணே போறீங்க? வெளக்குத்தான் எரியுதே!" என்றாள் அடுத்த வீட்டு ரோஷானி. "நனஞ்சிட்டு வந்து அக்காகிட்ட வாங்கப் போறீங்க."

பாதி மேட்டில் ஒரு மரம் சாய்ந்து, இரண்டு வயரையும் நசுக்கி ஒன்றாக ஒட்டவைத்திருந்தது. விளக்குக்கான மின்சாரம் அங்கேயே திரும்பிக்கொண்டிருந்தது. மேலே கம்பி அறுந்து கிடந்தது. வெடிப்புக்குள் அவருடைய கை தோள்வரை இறங்கியது.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

கதவுகள் திறந்தன. எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள்.

"எரியுதேண்ணே."

அவர் அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அப்போதுதான் ரோஷானி பிள்ளையைத் தூக்கினாள்.

பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கியபோது மேட்டில் கற்கள் உருளத் தொடங்கியிருந்தன. சூசையம்மா வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மூக்கையா மாமா?"

"இருக்காருக்கா," என்றது கூட்டத்துக்குள் ஒரு குரல்.

"எங்க? மொகத்தக் காட்டச் சொல்லு."

யாரும் முன்னால் வரவில்லை. பாக்கியநாதன் மறுபடி மழைக்குள் ஓடினார்.