பயன் சொல்ல ஆளில்லாத வகுப்பு

இதைத் தட்டச்சுச் செய்யப்போகும் பிள்ளை முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ர வருமிடத்தில் ற வரும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழைகளைத் திருத்துங்கள், சொன்ன விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம். மகளின் கல்லூரிப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுக் கன நாளாகிறது.

எங்களுக்கு வலிகாமத்தில் வெங்காயத் தோட்டம். ஒரே மகள். உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்து, தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். அந்தப் பாயசத்தைக் குடித்துக்கொண்டேதான், தனக்கு அந்தப் படிப்பு வேண்டாம் என்றாள். இங்கே வடக்கிலேயே, கொழும்புத்துறையில் ஒரு பழைய வீட்டில் நடக்கும் சிறிய கல்லூரிக்குப் போகப்போகிறாளாம். அங்கே நான்கு வருடமும் பழைய பெரிய நூல்களைத்தான் படிப்பார்கள். தமிழ் நூல்களோடு, கிரேக்கத்திலிருந்தும் வடமொழியிலிருந்தும் வந்தவையும் உண்டு.

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய தமையன் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். அன்று அவரும் வந்திருந்தார்.

“புத்தகம் வாசிக்க ஏன் பிள்ளை கல்லூரி? வாசிகசாலை போதாதோ?”

“வாசிகசாலையிலை கதைக்கக் கூடாதெண்டு எழுதிப் போட்டிருக்கு மாமா. எனக்குக் கதைக்கோணும்.”

“அதுதானே பாத்தன். கதைக்கிறதுக்குப் பட்டம் குடுக்கிற இடம்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவன். என் கல்யாணப் பேச்சிலும் எனக்காகக் கதைத்தது என் தாய்மாமன்தான். மகள் என்னிடம், “அப்பா, ஒருநாள் என்னோடை வந்து இருந்து பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்” என்றாள். திங்கட்கிழமைக்குள் எது என்று பதில் கொடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை போனோம். பார்க்க வரும் பிள்ளைகளையும் வகுப்பில் சேர்த்து இருத்துவது அங்கே வழக்கம். நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களோடு மகள். நான் சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தேன். எனக்குப் பக்கமாக, மேசையின் கடைசியில், நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். அவரும் என்னைப்போல் ஒரு தகப்பன் என்று நினைத்தேன். ஆறுதலாக இருந்தது.

ஒரு பெடியன் வாசித்தான். பகைவன் சபைக்குள் தனியே போய் நிற்கும் ஒரு தூதனைப் பற்றிய பகுதி. முடிந்ததும் புத்தகத்தை மேசையில் வைத்தான்.

எங்கள் கோயிலில் புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டைப் படித்து நிறுத்துவார். உடனே மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்வார். அதைப் பயன் சொல்வது என்போம். நாங்கள் இருந்து கேட்போம், இடையில் கதைப்பதில்லை. எனக்குத் தெரிந்த படிப்பு அதுதான். ஆகவே பயன் சொல்பவருக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் தொடங்கவில்லை. எனக்கு அந்தரமாகிவிட்டது. நரைத்த தலைக்காரரிடம் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

“ஐயா, பயன் சொல்லுறவர் இன்னும் வரேல்லையோ?”

“அப்பிடி ஒராள் இஞ்சை இல்லை. இவையள்தான் சொல்லோணும்.”

“அப்ப வாத்தியார்?”

“நான்தான். நானும் ஆர் தொடங்குகினம் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

எனக்குக் காது சுட்டது.

தொடங்கியது என் மகள். தூதன் பயத்தில்தான் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் என்றாள். எதிரில் இருந்த பெண்பிள்ளை விடவில்லை. “பயந்தவன் கடைசியிலை ஏன் பகைவனையே எதிர்த்துக் கேள்வி கேக்கிறான்? திருப்பி வாசியும் பாப்பம்.”

மகளின் முகம் சிவந்தது. எங்கள் வீட்டில் ஒரு குணம் உண்டு. யாராவது மறுத்துச் சொன்னால் ஒன்றில் கதவை அடித்துச் சாத்துவோம், இல்லாவிட்டால் என்னைப்போல் வாயை மூடிக்கொள்வோம். அவள் எழும்பிப் போகப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அந்த இடத்தைச் சத்தமாகத் திரும்ப வாசித்தாள். கொஞ்சம் யோசித்தாள். “ஓம், நான் சொன்னது பிழை. ஆனா நீர் சொல்லுறதும் முழுக்கச் சரியில்லை” என்று சிரித்தாள். மேசை முழுக்கச் சிரித்தது. நானும்.

அந்த இடத்தில் என் மனதில் முடிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தார்.

“என்ன மச்சான், போய்ப் பாத்தீராம்? படிச்சு முடிய என்ன உத்தியோகம் எண்டு கேட்டீரே?”

“கேக்கேல்லை. உத்தியோகம் எனக்குத் தெரியாது. ஆனா இவள் அங்கை தன்ரை பிழையை ஒப்புக்கொண்டு சிரிச்சவள். இந்த வீட்டிலை நான் அதைக் காணேல்லை. உம்மட்டையும் இல்லை, என்னட்டையும் இல்லை.”

“அப்ப என்னட்டை?” என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

“உண்மையைச் சொல்லட்டோ?” என்றேன். மகளுக்கு இருமல் வந்துவிட்டது.

“எனக்கென்ன, உங்கடை பிள்ளை” என்று மைத்துனர் முகத்தைத் தூக்கினார்.

“ஓம், எங்கடை பிள்ளை. அவள் கொழும்புத்துறைக்குத்தான் போறாள்.”

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளிடம், “விடுதியிலை சாப்பாடு எப்பிடியாம்?” என்று கேட்டாள். அவளிடமிருந்து அதைவிடப் பெரிய சம்மதம் வராது.

இப்போது இரண்டாம் வருடம். முடித்ததும் என்ன வேலை என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் சரியாகத்தான் தெரிந்தெடுத்தாள். விடுமுறைக்கு வந்தால் நான் சொல்வதையெல்லாம் மறுக்கிறாள். நானும் இப்போது விடுவதில்லை. கிணற்றடி முருங்கையைத் தறிப்பது பற்றிப் போனமுறை பெரிய வாக்குவாதம். நான் சொன்னதுதான் பிழை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு அடுத்தநாள் மத்தியானம் ஆனது.

2025 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை