புட்டுப் பார்சலும் வரிக்கணக்கும்

நான் லொறி ஓட்டுபவன். வழியில் சாப்பிட்ட செலவுக்கு ரசீது காட்டினால் வரி குறையும். அந்தக் கணக்கை என் மனைவிதான் பதிவாள்; என் பிரெஞ்சு, பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலைத் தாண்டாது. இந்த வருடம் ரசீதுக்கட்டைப் பெருமையாக நீட்டிய பிறகுதான் என் மூளை விழித்தது.

"எல்லா நாளும் கடையிலையே சாப்பிட்டனீங்கள்? அப்ப நான் விடிய எழும்பிக் கட்டித்தந்த புட்டு?"

அரசாங்கத்திடம் யோக்கியனாகப் போய் வீட்டில் கள்ளனாகிவிட்டேன்.

"ஒரு போலந்துக்கார டிரைவர் தனிய இருந்து காய்ஞ்ச பாண் தின்னுறவன். அவனுக்குக் குடுத்தனான்."

முதல் நாள் அது இரக்கம். பிறகு, மற்ற டிரைவர்களோடு மேசையில் அமர்ந்து இறைச்சி தின்ன எனக்குக் கிடைத்த வசதி. அதையும் சொன்னேன்.

அவள் எல்லா ரசீதையும் பதிந்து முடித்தாள். பிறகு கேட்டாள்: "அவனுக்கு உறைப்பு ஒத்துவருதாமோ?"

மறுநாள் கதவடியில் இரண்டு பார்சல்கள் இருந்தன. இப்போது நானும் அந்தப் போலந்துக்காரனும் லொறியிலேயே சாப்பிடுகிறோம். காட்ட ரசீதில்லை, அடுத்த வருடம் வரி கூடும். இவ்வளவு நிறைவோடு எந்த அரசாங்கத்துக்கும் நான் பணம் கட்டியிருக்கமாட்டேன்.