மாமி சட்னி

ஈயம் ஒட்டத் தூவுகிற குங்கிலியப் பொடி தணலில் விழுந்து கருகும் மணமும், கொதிக்கிற வினாகிரியின் புளிப்புக் காரமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் யாருக்கும் கண்ணில் நீர் வரும். மாங்காய்க் காலம் முழுவதும் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு வளவில் அந்த மணம்தான். விடிந்ததும் அம்மா முற்றிய மாங்காய்களைச் சீவி உப்பில் பிசறி வைத்து, சீனி, இஞ்சி, உள்ளி, கொச்சிக்காய், கறுவா, கராம்பு, உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் சேர்த்து, வினாகிரி விட்டுப் பெரிய மண்சட்டியில் ஏற்றிவிடுவார். வெயில் ஏறும் நேரத்துக்குப் பாலத்தைக் கடந்து பட்டினத்திலிருந்து லூயிஸ் பாஸ் வருவார். அவர் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், தகர வேலையில் கெட்டிக்காரர், கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கையில் கரியடுப்பு, மறு கையில் ஈயம் பற்றவைக்கிற கோல்கள்.

அக்கம்பக்கத்தில் மற்றவர்களெல்லாம் சட்னியைப் போத்தலில் அடைத்து வாயைத் துணியால் கட்டிவைத்தார்கள். எங்கள் வீட்டுச் சட்னி மட்டும் தகரத்தில், லூயிஸ் பாஸ் செய்துவரும் "பேணி"களில் போனது. கப்பலில் போத்தல் உடையும். கொதிக்கக் கொதிக்க நிரப்பி, மூடி வைத்து, சுற்றிவர ஈயம் பற்றவைத்த பிறகும் மூடியின் நடுவில் ஆணியால் குத்திய ஒரு சிறு துளை திறந்திருக்கும். பேணியை வெந்நீரில் நிறுத்தினால் அந்தத் துளையால் ஆவி சீறிக்கொண்டு வரும். நன்றாகச் சீறும்போதே ஒரு சொட்டு ஈயம் வைத்து அடைத்துவிட வேண்டும், பிந்தினால் காற்றுப் புகுந்து எல்லாம் பழுதாகிவிடும். பாஸ் அடுத்த மூடியைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார் என்பதால் ஆவியைப் பார்ப்பது என் வேலை. "பாஸ், இப்ப!" என்று நான் கத்துகிற கத்தல் தெருமுனை வரை கேட்கும்.

பேணிகள் அப்பாவுக்கு. அப்பா மலேயாவில் ரயில் கந்தோரில் கிளாக்கர். எனக்கு நாலு வயதாக இருந்தபோது கப்பலேறியவர், பிறகு வரவில்லை. அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை, கையெழுத்துத்தான் அப்பா. இரண்டு மூன்று வரிகளில் கடிதம் வரும், அதில் ஒரு வரி கட்டாயம் சட்னி பற்றியதாக இருக்கும். முதல் வருடம் ஆறு பேணி கேட்டார். பிறகு ஒன்பது. பிறகு பதினாறு. கந்தோர்க்காரர்களும் கேட்கிறார்களாம். அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது. அயல் பெண்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நீ குடுத்து வச்சவ கா, கடல் தாண்டியும் உன்ட கைச்சாப்பாடுதான் கேக்காரு" என்பார்கள். எனக்கு அதில் ஒரு பேணிகூட உடைத்துத் தந்ததில்லை. "அது அப்பாக்குப் புள்ள" என்று சொல்லி, அடிப்பிடித்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தருவார். நான் அதை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்ற மிதப்பில் திரிந்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்!

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம், ஒரு முன்னேரம், குடையும் கோட்டுமாக ஒருவர் படலையில் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். மலேயாவிலிருந்து லீவில் வந்தவர், மட்டக்களப்பில் உத்தியோகம் பார்க்கும் மருமகனைப் பார்க்க வந்த இடத்தில், மலேயாவுக்குச் சட்னி அனுப்புகிற வீடு எது என்று விசாரித்து வந்திருக்கிறார். தெருவில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அப்பாவுக்குச் சொல்லாமல்தான் வந்திருக்க வேண்டும்.

கதிரையில் இருக்குமுன்னமே அவர் கதையைத் தொடங்கிவிட்டார். "நீங்கள்தானே அந்தத் தங்கச்சி? உங்கடை அண்ணரும் நானும் ஒரே கந்தோர். பேணி உடைக்கிற அண்டைக்கு அவற்றை வீட்டிலை பாக்கோணும். பிள்ளையள் மூண்டும் 'மாமி சட்னி, மாமி சட்னி' எண்டு அடிபடுங்கள். மூத்தவளுக்கு ஏழு வயசு, அவள்தான் சரியான சண்டைக்காரி."

நான் முதுகுக்குப் பின்னால் விரல்களை மடித்துப் பார்த்தேன். அப்பா போய் எட்டு வருடம்.

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்துவார், அழுவார், இந்த மனிதரைத் துரத்துவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அண்ணன் சுகமா இரிக்காரா?" என்று கேட்டார்.

பிறகு தேத்தண்ணீர் கொடுத்தார். பலகாரத் தட்டு வைத்தார். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார், கடைசிப் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்றுகூடக் கேட்டார். வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மருமகள் மாமாவுக்கு ஏதும் சொல்லி விடேல்லையோ?" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதில் கெஞ்சலும் இருந்தது, அடிப்பேன் என்ற மிரட்டலும் இருந்தது. "மாமாவச் சுகமா இரிக்கச் சொல்லுங்க" என்றேன். அப்பாவை மாமா என்று சொன்ன வாய் எனக்கு அன்று முழுவதும் கசந்தது. அப்பா என்னை ஏமாற்றியது தூரத்தில் நடந்தது, நான் பார்க்கவில்லை. அம்மா செய்ததோ என் கண்முன்னால், என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு.

இனிமேல் எங்கள் வீட்டில் பேணி என்ற பேச்சே இராது என்றுதான் நினைத்தேன். அடுத்த மாங்காய்க் காலம் வந்தது. ஒரு காலை லூயிஸ் பாஸ் அடுப்பும் கோலுமாக வளவுக்குள் வருகிறார், அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குசினிக்குள் போய், "அவங்களுக்கா காய்ச்சப் போறாய்? உனக்கு வெக்கம் இல்லயா?" என்று கேட்டேன். அம்மாவிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "மெல்லப் பேசு, பாஸுக்குக் கேக்கும். நிப்பாட்டினா ஏன் நிப்பாட்டினாயெண்டு ஊர் கேக்கும். நீ போய்ச் சொல்லுவியா? இந்தப் பேணி போறவரைக்குந்தான் புள்ள நான் மலேயாக்காரர்ர பொஞ்சாதி. நாளைக்கு உனக்கும் ஒரு மாப்பிள்ள பேசணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தப் பேணிகள் அப்பாவுக்கும் இல்லை, அவருடைய பிள்ளைகளுக்கும் இல்லை, வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு. விளங்கியும் எனக்கு மனம் ஆறவில்லை. அந்த வருடமும் நான் ஆவியைப் பார்த்தேன், "இப்ப!" என்று கத்தினேன். பதினெட்டுப் பேணி. அடிச்சட்டிச் சோறு மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன்.

பிறகு யப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான், கப்பல் நின்றது. ஏன் பேணி போகவில்லை என்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. எங்கள் ஊரில் யுத்தத்தால் நிம்மதியடைந்த ஒரே ஆள் அம்மாவாகத்தான் இருக்கும்.

யுத்தம் முடிந்து சில மாதங்களில் ஒரு கடிதம் வந்தது. மூத்தவள் எழுதியிருந்தாள், என்னைவிட அழகான கையெழுத்து. "அன்புள்ள மாமிக்கு" என்று தொடங்கி, அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று இருந்தது. நான் அந்த முதல் வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அம்மா, "மேல என்ன போட்டிருக்காள்?" என்று கேட்டு, அதையும் வாசிக்க வைத்தார்.

செய்தி பரவி வீடு நிறையப் பெண்கள் கூடினார்கள். ஒப்பாரி வைத்தார்கள். முறைப்படி தாலியைக் கழற்ற வேண்டும் என்று வயதில் மூத்த ஒருத்தி அம்மாவின் கழுத்தில் கை வைத்தபோது, அம்மா அந்தக் கையைப் பிடித்து விலக்கினார். "அண்ணன் செத்ததுக்கு ஆராச்சும் தாலி கழட்டுவாங்களா கா?" என்றார். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லாரும் இன்னும் பலமாக அழுதார்கள். நான் அழவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் இருந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இப்போது அம்மா இல்லை. தாலியோடுதான் போனார். லூயிஸ் பாஸின் பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், பட்டறை இருந்த இடத்தில் யாரோ மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். சட்னி கடையில் வாங்கலாம், லேபல் ஒட்டிய போத்தலில் வருகிறது. மலேயாவில் அந்தச் சண்டைக்காரி உயிரோடு இருந்தால் அவளும் என்னைப் போலக் கிழவியாகியிருப்பாள். மட்டக்களப்பில் ஒரு மாமி இருந்தா, வருடா வருடம் பேணியில் சட்னி அனுப்புவா, அப்படி ஒரு ருசியை நான் பிறகு காணவேயில்லை என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொல்வதில் ஒரு குறையும் இராது. பேணிக்குள் போன அந்தச் சட்னி எப்படி ருசிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.