எழுபத்திரண்டு மீன்கள்

ஈரமீன் மணலில் விழும் சத்தம் தனி. பொத், பொத்தென்று சற்றே வழுக்கி, சற்றே கனத்து. பட்டணத்துச் சந்தையில் யாரோ பலகைமேல் மீனை வீசினால்கூட என் உதடு தானாக எண்ணத் தொடங்கும். ஒன்பது வந்ததும் நின்றுவிடும்.

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சையில் ஒரு கணக்கு வந்தது. ஆறு பேர் படகில் சென்று எழுபத்திரண்டு மீன் பிடித்தனர். சமமாகப் பங்கிட்டு, மீன் இரண்டணா வீதம் விற்றால் ஒருவருக்கு என்ன கிடைக்கும்? சிக்கல் ஊர்ப் பக்கத்து நெல்வயல்களிலிருந்து எங்கள் கரைக்கு மாற்றலாகி வந்திருந்த வாத்தியாருக்கு விடை ஒன்றரை ரூபாய். என் பக்கத்தில் உட்காரும் பையன் ஒரு ரூபாய் இரண்டணா என்று எழுதினான். ஆள் ஆறு, வலைக்கு ஒரு பங்கு, வத்தைக்கு ஒரு பங்கு. படகை நாங்கள் வத்தை என்போம். பங்கு வாங்காத வத்தையை எங்கள் கரையில் யார் கண்டது?

நானோ ஒன்பது பங்கு வைத்தேன். ஆளுக்கு எட்டு மீன், பதினாறணா, ஒரு முழு ரூபாய். சில்லறையே இல்லாமல் வந்த விடை தப்பாக இருக்குமா?

மாமாவின் வத்தை கரையேறினால் மணலில் ஒன்பது குவியல்தான். கடைசிக் குவியல் எங்கள் வீட்டுக் கூடைக்கு வரும். வாப்பா அந்த வத்தையில் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் நான் தொட்டிலில் கிடந்தேன். ஆகவே அந்தக் குவியல் எனக்கு அலை போல, மணல் போல, எப்போதும் இருந்த ஒன்று.

வாத்தியார் எங்கள் இருவருக்கும் சுழி போட்டார். பையனை மற்றக் கணக்குகள் காப்பாற்றின. நான் தோற்றேன். உம்மா முன்பே சொல்லியிருந்தாள்: "கணக்குல தோத்தா பள்ளிக்கூடம் போதும். கருவாடு காயப்போட வந்துரு."

அழுகையைப் பையன்மேல் இறக்கினேன்.

"ஒங்க வத்தையில ஒங்க வாப்பா ஒரு பங்கத் திருடுறாக!"

"போடி, ஒனக்குத்தான் எண்ணத் தெரியல!"

சிலேட்டு உடைந்தது. அவனுடையது.

மறுநாள் கரையேறிய கையோடு மாமா பள்ளிக்கு வந்தார், நனைந்த கைலியும் உப்புப் பூத்த தலையுமாக.

"எழுத்து எனக்குத் தெரியாது சார். பங்கு தெரியும். புள்ள போட்டது சரி."

"வத்தைக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு, சரி. ஒம்பதாவது யாருக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "அது வழக்கம் சார்."

"எல்லா வத்தையிலுமா?"

"எல்லாத்துலயுந்தான்."

பையன் வாயைத் திறந்தான். மாமா அவனைப் பார்த்து மெல்லத் தலையசைக்க, மூடிக்கொண்டான்.

வாத்தியார் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார். என் பெயருக்கு எதிரே, வாப்பா பெயர்க் கட்டத்தில், விரல் நின்றது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், துடைத்தார், அதில் அழுக்கே இல்லை. என் தாளில் சுழியை அடித்து முழு மார்க்கும் போட்டார். பையன் தாளிலும் போட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளி வாசல்வரை மாமாவின் பின்னாலேயே போனேன். "அவன் திருட்டுப்பய மாமா. அவன்கூட இனிப் பேசமாட்டேன்."

ஊரில் வேறெந்த வத்தையிலும் ஒன்பதாவது குவியல் கிடையாது என்று எனக்குத் தெரியவரப் பல வருஷம் ஆயிற்று. அன்று, ஜெயித்த தலைக்கனத்தில், மாமா சொன்னதற்கு வெறுமனே தலையாட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

"அந்தப் பயலோட சண்ட போடாத புள்ள. அவுக வத்தையில போனவுக எல்லாரும் கரைக்கு வந்துட்டாக."