பின் அடித்த நடுப்பக்கம்

பிரவீணா ஊர்ப்புற நூலகராகி ஒன்பது வருடம் ஆகிறது. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஒற்றை அறை, ஒரே ஒரு நீள மேசை. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வம்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமையில்தான்.

ஞாயிறு பேப்பரின் நடுப்பக்கம் முழுக்க, அரைகுறை உடையில் ஒரு மாடல் பெண்ணின் படம் வரும். ஆண்கள் நாலைந்து பேர் அதன்மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். கூடவே கிண்டல், கனைப்பு. அதே மேசையில் போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆறு பெண்களில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். பிரவீணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுப்பக்கத்தை மடித்து, திறக்க முடியாதபடி ஓரத்தில் இரண்டு பின் அடித்துவிட்டாள்.

தினமும் முதல் ஆளாக வருகிற அய்யாக்கண்ணு குதித்தார்.

"கவர்மெண்டு பேப்பர்ல பின் அடிக்க நீங்க யாருங்க? அந்தப் பொண்ணே இஷ்டப்பட்டுத்தான நிக்குது? மாவட்ட ஆபீஸுக்கு எழுதிப் போட்டுருவேன்."

"எழுதுங்க. பேனா இருக்கா, தரட்டுமா?" என்றாள் பிரவீணா. அடுத்த மாதமே நான்கு பெண்களும் திரும்பி வந்தார்கள். அவள் பின் அடிப்பதை நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு நண்பகல், நூலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் பஞ்சவர்ணம் வந்து நின்றாள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரலெல்லாம் கறுத்துப்போன பெண். நூலகத்துக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

"மேடம், இன்னைக்குப் பேப்பர்ல அந்தப் பின்ன எடுத்துக் காட்டுறீங்களா?"

"உங்களுக்கு எதுக்கும்மா அது?"

"அதுல இருக்குறவ எம் பொண்ணு மேடம். கூட வேல செய்யிறவ புருசன் டீக்கடையில பாத்தானாம். மெட்ராஸ் போயி ரெண்டு வருசமாவுது. வூட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு அவ அப்பா சொன்னதுலேர்ந்து ஒரு போனும் இல்ல."

பிரவீணாவின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பக்கத்தில் வருகிறவளுக்கு ஓர் அம்மா இருப்பாள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நகத்தால் பின்களை நெம்பி எடுத்தாள்.

படத்தின் கழுத்துக்குக் கீழே இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் பார்த்தாள் பஞ்சவர்ணம். வெகுநேரம் பார்த்தாள்.

"இளைச்சுட்டா. கன்னமே இல்ல."

"கிழிச்சுத் தரட்டுமாம்மா?"

"வேணாங்க. வூட்டுல வச்சா அவரு கொளுத்திப்புடுவாரு. மறுபடியும் பின் அடிச்சுருங்க மேடம். ரெண்டு பத்தாது."

பிரவீணா நான்கு அடித்தாள். பஞ்சவர்ணம் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.