குசும்பு கொஞ்சம் ஜாஸ்திங்க

காலை ஆறேகாலுக்குக் கோவை ஜங்ஷனில் ரயில் ஏறும்போதே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பசியில்லை, பொறாமை. மட்டாஞ்சேரியில் லலிதா என்று ஒரு நாவலாசிரியை இருக்கிறார். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். ஆறு வருடத்தில் நான்கு நாவல்கள். அதே ஆறு வருடமாக என் இரண்டாவது நாவல் பதினோராம் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அவரைப் பேட்டி எடுத்துவர என்னைத்தான் அனுப்பவேண்டுமா பத்திரிகை ஆசிரியர்?

அவர் யாருக்கும் பேட்டி தருவதில்லை என்றார்கள். தமிழ் படிக்கவும் தெரியாதாம். அதனால் குரல் பதிவு அனுப்பினேன்: "நான் கோயம்புத்தூர்க்காரனுங்க. நானும் நாவல் எழுதுறவன். குசும்பு கொஞ்சம் ஜாஸ்தி. பொறுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா போதும்." எங்கள் ஊர்க் குசும்பு நாடறிந்தது. சிரித்துக்கொண்டே காலை வாரிவிடுவோம். பத்தே நிமிடத்தில் "வாங்க" என்று பதில் வந்தது. என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு எர்ணாகுளம். கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர் தாண்டி வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. படகுத்துறையில் ஆறு ரூபாய் டிக்கெட் எடுத்து ஃபோர்ட் கொச்சிப் படகில் ஏறினேன். காயலும் கப்பல்களும் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. எதிரில் ஒரு பெண் லலிதாவின் நாவலை முக்கால்வாசி முடித்துவிட்டு, கரை வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். என் முதல் நாவலை என் மனைவியே இன்னும் முடிக்கவில்லை.

கரையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். முகவரியை எடுப்பதற்குள் டிரைவர், "லலிதா சேச்சியோட கடையல்லே? அறியாம்" என்று, தனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டி வண்டியைக் கிளப்பிவிட்டார். என் தெருவில் கூரியர்காரருக்கே என் வீடு தெரியாது.

கடை என்றால் ஜெராக்ஸ் கடை. மிளகு மூட்டை ஏறி இறங்கும் கிடங்குக்கும் ஒரு சாயாக்கடைக்கும் நடுவில், ஓர் ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்கு நுனியில் கண்ணாடி, மெஷின் முன்னால் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார். தவறாக அச்சான தாள்களின் பின்பக்கத்தில்தான் நாவல். திருப்பினால் யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு. என் வீட்டில் தேக்கு மேஜை இருக்கிறது, சுழல் நாற்காலி இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்று கதவில் ஒரு பலகைகூட இருக்கிறது.

"குசும்பு உண்டுன்னு பறஞ்ச ஆள் நீங்கதானே?" என்றார்.

"அது கூடவே பொறந்ததுங்க!" என்றேன் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. என்னைக் கனிவாகப் பார்த்தார். "சாரமில்லை, பரவால்ல. எல்லாருக்கும் உண்டு. ஆனா யாரும் வாய்விட்டுப் பறயமாட்டாங்க. அதான் உங்களை வரச் சொன்னேன்."

என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. தலையாட்டி வைத்தேன்.

பேட்டி தொடங்கியது. நடுநடுவே ஆதார் கார்டு இரண்டு காப்பி, பாஸ்போர்ட் ஒரு காப்பி. வேலையைப் பார்த்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து அச்சுப் பிசகாமல் தொடர்ந்தார். ரயிலிலேயே கூர்தீட்டி வைத்திருந்த கேள்வியை எடுத்துவிட்டேன்: "இவ்வளவு வேகமா எழுதினா தரம் கொறையாதுங்களா?"

"குறையும். முதல்ல மோசமாத்தான் வரும். எழுதித் தீர்த்தாத்தானே மோசம்னு அறிய முடியும்? உங்க அடுத்த நாவல் எதுவரை ஆச்சு?"

"முடியப் போகுதுங்க" என்று கூசாமல் புளுகினேன்.

அப்போது மீன்கூடையோடு ஓர் அம்மாள் வந்து, காப்பியும் கேட்காமல் சண்டைக்கு நின்றார். "லலிதே, ஆ பெண்ணினெ எந்தினா கொன்னது?" போன நாவலில் வரும் பெண்ணை ஏன் கொன்றாய் என்று கேட்கிறார்! லலிதா சமாதானம் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. என் கதையில் யார் செத்தாலும் கேட்க நாதியில்லை.

கிளம்பும்போது என் நாவலைக் கொடுத்தேன். அவர் தலைப்பின் மேல் ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டினார். "வாசிச்சுக் காட்டுங்க" என்றார். முதல் பக்கத்தைப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "கேட்டா எல்லாம் மனசிலாகுது. பார்த்தா ஒண்ணும் தெரியல்லை. அம்மா பேசின பாஷை, எனக்கு எழுத வராது." பிறகு தன் புத்தகத்தில் மலையாளத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. அவர் கண்ணைப் பார்த்திருக்கலாம். நானோ மீன்காரம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பும் ரயில். பக்கத்தில் பாலக்காட்டுக்காரி, கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அந்த நாலு வரியைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுத் தயங்கினாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. 'குசும்பு உண்டென்று என்னிடம் நேராகச் சொன்ன மனிதருக்கு. தமிழில் எழுதத் தெரிந்தவர் மேல் எனக்கும் உண்டு.' அப்படீன்னு எழுதியிருக்காங்க."

"இதுல தப்பா நெனைக்க என்னம்மா இருக்கு?"

"மலையாளத்துல குசும்புன்னா பொறாமை சார்."

அடக் கடவுளே! நாள் முழுக்கப் பல்லைக் கடித்து மறைத்ததை, முதல் குரல் பதிவிலேயே தம்பட்டம் அடித்திருக்கிறேன். கூடவே பிறந்தது என்று வேறு சொல்லியிருக்கிறேன். அவர் கதவைத் திறந்தது அதற்காகத்தான்.

வாளையாறு தாண்டும்போது அவர் குரல் பதிவு வந்தது. "வீடு எத்தினீங்களா?" போய்ச் சேர்ந்துவிட்டேனா என்று கேட்கிறார்.

"எங்க ஊர்ல குசும்புன்னா கிண்டலுங்க" என்று விளக்கம் பேசிப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தேன். அழித்தேன். மறுபடி பேசினேன்.

"இன்னும் இல்லீங்க. நான் சொன்னது நெசந்தானுங்க, நிறையவே இருக்கு. நாவல் முடியப் போகுதுன்னது பொய். பதினோராம் பக்கத்துலயே நிக்குது."

அனுப்பிவிட்டேன்.